கான்கார்டு: பாலமும் பாட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு ஏறத்தாழ 20 மைல் வடமேற்கே, கான்கார்டு என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஆங்கிலேயர் 1635-ஆம் ஆண்டில் குடியேறி அமைத்த ஊர் அது. இவ்வூர்க்கு இருவகைப் புகழ் உண்டு. 1775-ஆம் ஆண்டு ஏப்பிரல் 19-ஆம் நாள் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய களங்களுள் இது ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமர்சன், தோரோ, ஹாதார்ன், லூயிசா மே ஆல்காட் ஆகிய நால்வரும் வாழ்ந்து எழுதிய ஊரும் இதுவே. பாட்டனார் களத்தில் காட்டிய வீரமே பேரர் ஏட்டில் எழுத்தாயிற்று என்று பயண நூலார் எளிதிற் கூறிச் செல்வர். கேட்க இனிய கூற்றே. ஆயினும் ஊரிலுள்ள நினைவுச் சின்னங்களை ஆண்டு முறைப்படி வைத்து நோக்குவார்க்கு அது முழுதும் பொருந்துவதாகத் தோன்றாது. புரட்சி இலக்கியத்தைப் பெற்றது என்பதினும், அப்புரட்சியின் பொருள் யாது, அது யாருக்கு உரியது என்னும் வினாவை இலக்கியமே அவ்வூரில் ஓயாது எழுப்பிற்று என்பதே சாலப் பொருந்தும். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நிகழ்ச்சியைச் சுருங்கக் காண்போம். 1774-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிலும் மறு ஆண்டின் இளவேனிலிலும் மாசச்சூசெட்ஸ் குடிமக்களின் பேரவை கான்கார்டில் கூடிற்று. படைக்கலங்களும் உணவுப் பொருள்களும் அவ்வூரில் மறைத்து வைக்கப்பெற்றன. அவற்றை அழித்து வருமாறு ஆளுநர் தாமஸ் கேஜ் ஏறத்தாழ 700 வீரரை ஏப்பிரல் 18-ஆம் நாள் இரவில் அனுப்பினார். செய்தி கொணர்ந்த பால் ரிவீர் வழியிலேயே பிடிபட்டார். கான்கார்டை அடைந்தவர் சாமுவேல் பிரெஸ்காட் என்னும் மருத்துவரே. பின்னிரவு ஒன்று, இரண்டு மணியளவில் ஊர் மணி ஒலித்தது. இம்மணியை நினைவில் வைத்தல் வேண்டும். எழுபது ஆண்டுகள் கழிந்து அது மீண்டும் வரும்.

வைகறையில் லெக்சிங்டன் ஊர்ப் பொதுத்திடலில் நின்ற குடிப்படையினர் எழுபத்தெழுவர். அவருள் எண்மர் அங்கே மாண்டனர். பின்னர்க் கான்கார்டு புகுந்த அரசப் படையினர் பீரங்கி வண்டிகளைக் குவித்துத் தீயிட்டனர். வடபாலத்திற்கு அப்பால் மேட்டில் திரண்டிருந்த ஏறத்தாழ 400 குடிப்படையினர், எழுந்த புகையைக் கண்டு ஊரே எரிவதாகக் கருதிக் கீழிறங்கினர். பாலத்தைக் காத்து நின்ற அரச வீரர் நூற்றுவர்க்கும் குறைந்தவர். அவர்களே முதலிற் சுட்டனர். ஐசக் டேவிஸ், ஆப்னர் ஹாஸ்மர் என்னும் இருவர் வீழ்ந்தனர். அதன் பின்னரே மேஜர் ஜான் பட்ரிக், திருப்பிச் சுடுமாறு ஆணையிட்டார். மோதல் சில நிமிடங்களில் முடிந்தது. பாஸ்டனுக்கு மீளும் வழியெங்கும் அரசப் படை தாக்குண்டது. அன்றைப் பொழுது சாயுமுன் அதன்பால் 73 பேரும் குடிப்படையின்பால் 49 பேரும் மாண்டனர். ஒன்று கூறல் வேண்டும்: பாலத்தருகே வீழ்ந்த இருவரும் கான்கார்டினர் அல்லர், அண்டையூராகிய ஆக்டனைச் சேர்ந்தோர். புகழ் ஓரூர்க்கு வாய்க்க, உயிர் கொடுத்தோர் வேற்றூராராயினர்.

இனிப் பாலத்தை நோக்குவோம். இன்று அங்குச் செல்வோர் ஆற்றின் மீது வளைந்து நிற்கும் மரப்பாலத்தைக் கண்டு, இதுவன்றோ வீரர் நின்ற பாலம் என்று உருகுவர். உண்மையில் 1775-இல் இருந்த பாலம், சாலை வேறு வழியாக மாறியமையால் 1793-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இப்பொழுதுள்ளது பழைய அமைப்பைத் தழுவி 1956-இல் கட்டப்பெற்றது. 1836-ஆம் ஆண்டிற்குரிய நினைவுத் தூண் ஆற்றின் கீழ்க்கரையில் நிற்கின்றது. அக்கரை அரசப் படையினர் நின்ற கரையாகும்! ஊர்ச் சபைக் குருவாகிய எஸ்ரா ரிப்ளி வழங்கிய நிலம் அப்பக்கத்தில் அமைந்தது, பாலமோ இல்லை, வேறு செய்யுமாறும் இல்லை. 1837-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் இத்தூணை நாட்டுக்கு உரிமையாக்கிய விழாவிற் பாடப்பெற்றதே எமர்சனின் புகழ்பெற்ற கான்கார்டுப் பாடல். எனவே அப்பாடல் பாடப்பெற்ற நாளில் அங்கே பாலம் இல்லை. காலம் பாலத்தைக் கொண்டு போயிற்று என்பதைப் பாடலும் மறைக்கவில்லை.

அப்பாடல் எழுந்த சூழலையும் அறிதல் வேண்டும். முதல் எதிர்ப்பு நிகழ்ந்தது எங்கள் ஊரிலா உங்கள் ஊரிலா என்று லெக்சிங்டனும் கான்கார்டும் 1824 முதற்கொண்டு வழக்காடி வந்தன. லெக்சிங்டன் சார்பில் 1825-இல் ஒரு நூல் வெளிவந்தது. ரிப்ளி 1827-இல் மறுப்பு நூல் வெளியிட்டார். இரண்டையும் இன்று ஆய்வாளரன்றிப் பிறர் படிப்பாரிலர். எமர்சன் பாடலோ சான்று காட்டவில்லை, வழக்கிடவில்லை, பாலத்தருகே எழுந்த வேட்டொலியை ஊரெல்லைக்கு அப்பால் உலகளாவியதாக்கி அமைந்தது. வரலாற்று நெறிப்படி நோக்கின், அன்று முதற்குருதி சிந்திய இடம் லெக்சிங்டனே என்பதில் ஐயமில்லை. எனினும் மக்கள் நாவில் நிலைத்தது கான்கார்டு. ஆற்றின் மறுகரையில், குடிப்படை நின்ற இடத்திலேயே, சின்னம் எழல் வேண்டும் என எபனேசர் ஹப்பர்டு என்னும் ஊரார் தம் விருப்ப முறியில் 1,000 டாலர் எழுதி வைத்தார். 1874-இல் பாலம் மீண்டது. 1875-இல் டேனியல் செஸ்டர் பிரெஞ்சு வடித்த சிலை எழுந்தது. ஏரை விட்டுத் துப்பாக்கி ஏந்திப் புறப்படும் உழவனின் வடிவம் அது. அதன் பீடத்தில் எமர்சன் பாடலின் முதற் செய்யுள் பொறிக்கப்பெற்றது. ஆகவே பாட்டு நிலைபெற்றுப் பல்லாண்டு கழிந்த பின்னரே பாலம் மீண்டு வந்தது என்க.

பாலத்திற்கு அணித்தே நிற்பது பழைய குருமனை. 1770-இல் அதனைக் கட்டியவர் எமர்சனின் பாட்டனாராகிய வில்லியம் எமர்சன். அவர் போர்ப் படைக்குக் குருவாகச் சென்று 1776-இல் நோயுற்று இறந்தார். பேரர் 1834-35-ஆம் ஆண்டுகளில் அம்மனையில் தங்கி, 1836-இல் வெளிவந்த ‘இயற்கை’ என்னும் தம் முதல் நூலின் பெரும்பகுதியை எழுதினார். 1842 முதல் 1845 வரை அங்குக் குடியிருந்தவர் ஹாதார்ன். அவர் அம்மனையைப் பற்றி எழுதி 1846-இல் வெளியிட்ட கட்டுரை ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது.

பாலத்தருகே கற்சுவரை ஒட்டி, அங்கு வீழ்ந்த அரச வீரரின் புதைகுழிகள் உள்ளன. சண்டை ஓய்ந்த பொழுது மரம் பிளந்துகொண்டிருந்த இளைஞன் ஒருவன் கையிற் கோடரியுடன் அங்கு வந்தானாம். கிடந்தவருள் ஒருவன் உயிரோடு தலைதூக்கியதும், அவ்விளைஞன் எண்ணாமல் கோடரியால் அடித்துக் கொன்றானாம். கவிஞர் லோவெல் வாயிலாகக் கேட்ட இச்செய்தியை ஹாதார்ன் எழுதி, அவ்விளைஞனின் பிற்கால வாழ்வில் அச்செயல் அவன் நெஞ்சை எங்ஙனம் வருத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றார். அச்சண்டையைப் பற்றி வரலாறு கூறும் அனைத்தினும் இவ்வொரு செய்தியே தமக்கு மிகுபயன் தந்தது என்பது அவர் கூற்று. இது வெறுங் கதையன்று. அடிபட்ட வீரனைக் கண்ட அரசப் படையினர், குடியானவர் தம் தோழரின் தலைத்தோலை உரித்தனர் எனக் குற்றஞ் சாட்டினர். குடிமக்கள் பேரவையோ, பிணங்களைப் புதைத்தவரிடம் வாக்குமூலம் பெற்று, தலைத்தோல் உரிக்கப்படவில்லை என்று நிறுவிற்று. அது மெய்யே, ஆயின் கோடரியைப் பற்றி அவ்வாவணம் வாய் திறக்கவில்லை. அரசியல் ஆவணம் விட்ட இடத்தை இலக்கியம் நிரப்பியதற்கு இதனினும் தெளிவான சான்று அவ்வூரில் இல்லை.

இனி அடிமை முறைக்கு வருவோம். எமர்சன் பாடல் ஒலித்த 1837-ஆம் ஆண்டிலேயே கான்கார்டு மகளிர் அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். தோரோவின் அன்னையும் உடன்பிறந்தாரும், எமர்சனின் துணைவியாரும் அதன் உறுப்பினர். ஆடவர் இவ்வகையில் மெல்லவே அசைந்தனர். மேலைத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்ற நாளைக் கொண்டாட 1844 ஆகஸ்டு முதல் நாள் எமர்சன் சொற்பொழிவாற்ற இசைந்தபோது, கூட்டத்திற்கு மணியடிக்க முன்வந்தாரில்லை. தோரோ தாமே சென்று மணியை அடித்தார். 1775-இல் விடுதலைக்கென நள்ளிரவில் ஒலித்த ஊர், பிறர் விடுதலைக்கென நண்பகலில் ஒலிக்கத் தயங்கிற்று.

தோரோ 1846-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தலைவரி செலுத்த மறுத்து ஓரிரவு சிறையிருந்தார். அடிமை முறையைக் காத்து, மெக்சிகோவின் மீது போர் தொடுத்த அரசுக்கு வரி இறுத்தல் தகாது என்பது அவர் கொள்கை. இதனை 1848-இல் ஊர்ச் சொற்பொழிவுக் கழகத்தில் விளக்கி, 1849-இல் அச்சிட்டார். ‘சட்ட மறுப்பு’ என இன்று வழங்கும் தலைப்பு அவர் மறைவுக்குப் பின், 1866-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே முதன்முதற் காணப்படுகின்றது. பாட ஆராய்ச்சியாளர் இதனை மறத்தலாகாது. கிளர்ந்தெழும் உரிமை 1775-இல் இருந்தோர்க்கு உண்டென்று எல்லாரும் ஒப்புகின்றனர். இன்று அதற்கு இடமில்லை என்கின்றனரே என்பது அக்கட்டுரையில் அவர் தம் ஊராரை நோக்கி விடுக்கும் வினா. அவர் இருந்த சிறை இன்றில்லை. இடத்தைக் குறிக்கும் கல் மட்டும் ஊர் நடுவே உள்ளது. பாலத்திற்குச் செல்லும் கூட்டத்தாருள் அதனைத் தேடிக் காண்போர் சிலரே.

1854-இல் வெளிவந்த ‘வால்டன்’ நூலிலும் இந்நோக்கு உண்டு. குளக்கரைக் காட்டில் தமக்கு முன் குடியிருந்தோரை ஓர் இயலில் நினைவு கூர்கின்றார் தோரோ. கேட்டோ இங்கிரகாம், சில்பா, பிரிஸ்டர் பிரீமன் ஆகியோர் அவருட் சிலர். கான்கார்டுச் செல்வர் வீடுகளில் அடிமைகளாயிருந்து பின் விடுபட்டவர்கள், எவரும் விரும்பாத நிலமாயிருந்தமையால் அக்காட்டோரத்தில் குடிலமைக்க இடம் பெற்றனர். ‘விடுதலையாளன்’ என்னும் பொருள்படத் தம் பெயரை அமைத்துக்கொண்ட பிரிஸ்டர், விடுதலைப் போரிற் படைவீரராகவும் இருந்தவர். அவர் குடில் இன்று இல்லை. அவரைப் போன்றே அடிமை நீங்கிய போர்வீரராகிய சீசர் ராபின்சின் மக்கள் வாழ்ந்த வீடு மட்டும், 2011-இல் வடபாலத்தின் அருகே பெயர்த்து வந்து வைக்கப்பெற்றுள்ளது. தோரோ ஓர் இயலில் தொட்ட செய்தி கட்டடமாகக் கண்முன் நிற்க ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று.

அந்நூலில் சென்னைக்கும் இடமுண்டு என்பது நம்மவர் மகிழத்தக்கது. 1846-47-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தொழிலாளர் நூற்றுவர் வால்டன் குளத்துப் பனிக்கட்டியை அறுத்தனர். சென்னை, பம்பாய், கல்கத்தா மாந்தர் தம் கிணற்றில் நீருண்பர் என்று தோரோ எண்ணுகின்றார். தாம் வைகறையிற் கற்கும் பகவத் கீதையோடு அதனை இயைத்துக் காண்கின்றார். பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் அனுப்பிய நியூ இங்கிலாந்துப் பனிக்கட்டியைச் சேமித்த கட்டடமே சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எனப் பெயர் பெற்று, 1897-இல் விவேகானந்தர் தங்கியமையால் விவேகானந்தர் இல்லமாயிற்று. ஆயினும் அவ்வாண்டு வால்டனில் அறுத்துக் குவித்ததிற் பெரும்பகுதி கரையிலேயே உருகி மீண்டும் குளத்தையே சேர்ந்தது என்று தோரோவே எழுதியுள்ளார். ஆகவே வால்டன் நீரைச் சென்னையார் பருகினர் எனத் துணிந்து எழுதுதல் வரலாறாகாது.

தோரோவின் கட்டுரை நம்மவரை அடைந்தமை அங்ஙனம் ஐயத்திற்குரியதன்று. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1907-இல் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அதன் பகுதிகளை வெளியிட்டார். அறப்போர் அதற்கு முந்திய ஆண்டே தொடங்கிவிட்டது. ஆதலின் தோரோவிடமிருந்தே அடிகள் கொள்கையைப் பெற்றார் என்பது பிழை. முன்னரே எடுத்த முடிவுக்கு அயல்நாட்டுத் துணை ஒன்று வாய்த்தது என்பதே முறை. அவ்வறப்போரிற் சிறை சென்றோருள் தமிழர் மிகப் பலர் என்பதும், சிறை நோயால் 1914-இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மை வரலாறும் நாம் அறிந்தனவே.

மீண்டும் வடபாலத்திற்கே வருவோம். 1875 ஏப்பிரல் 19-ஆம் நாள், கடுங்குளிரில், குடியரசுத் தலைவர் கிராண்ட் வந்திருக்க நூற்றாண்டு விழா நிகழ்ந்தது. உழவன் சிலை திறக்கப்பெற்றது. வீரர் வழித்தோன்றல்களாகிய ஆடவர் அணிவகுத்தனர். மகளிர்க்கு உரிய இடம் அமைக்கப்படவில்லை. அவருள் ஒருவராய் நின்றவர், ‘சிறுமகளிர்’ என்னும் கதையை 1868-இல் எழுதி நாடெங்கும் புகழ் பெற்றிருந்த லூயிசா மே ஆல்காட். கான்கார்டு விழாவிற் பெண்டிர் பங்கு யாது என்பதைப் பற்றி அவர் மகளிர் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, நகை கலந்த சினத்தால் இன்றும் சுவை குன்றாதது. வாக்குரிமையின்றி வரி மட்டும் இறுத்தல் தகாது என்று பாட்டன்மார் எழுப்பிய முழக்கத்தைப் பேத்தியர் தமக்கும் உரியதாக்கிக் கேட்டனர். பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்டிர் வாக்களிக்கலாம் என மாநிலம் 1879-இல் சட்டம் இயற்றியபோது, கான்கார்டில் முதலிற் பெயர் பதிந்தவர் லூயிசாவே. 1880 மார்ச்சுத் திங்களில் ஊர்க் கூட்டத்தில் மகளிர் இருபதின்மர் வாக்களித்தனர். அவர்கள் வாக்களித்து முடிந்ததும் வாக்குப்பெட்டியை மூடிவிடலாம் என்று நீதிபதி ஹோர் முன்மொழிய, நகையொலி அடங்குமுன் அது நிறைவேறிற்று. அவ்வாண்டு கான்கார்டின் பள்ளிக் குழுவைத் தேர்ந்தவர் அவ்விருபது பெண்டிரே. ஆடவர் ஒருவரும் வாக்களித்திலர்.