டிரங்க் காலும் அந்தரங்கமும்

"உங்கள் காலத்தில் அந்தரங்கம் என்று ஒன்று இருந்ததா என்ன? போஸ்ட் கார்டைத் தபால்காரர் படிப்பார், போனை ஆபரேட்டர் கேட்பார்" என்று இளையவர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. நாமும் சிரித்துக்கொண்டே, "இந்த வயதில் நமக்கு என்ன ரகசியம்?" என்று சொல்லிவிட்டு, செல்போன் கேட்கிற அனுமதிக்கெல்லாம் 'சரி, சரி' என்று அழுத்திவிடுகிறோம். ஒட்டுக்கேட்க வசதியான நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அந்த முறையில் இதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் போஸ்ட் கார்டு. 1879 ஜூலையில் கால் அணா விலையில் இந்தியாவுக்கு வந்தது. திறந்த கடிதம்தான், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நலம், நலமறிய ஆவல், மழை, விளைச்சல் எல்லாம் எழுதிவிட்டு, முக்கியமான சங்கதி வரும்போது "மற்றவை நேரில்" என்று முடித்தோம். எதைக் கார்டில் எழுதலாம், எதைக் கவரில் வைத்து ஒட்ட வேண்டும் என்று எழுத்து தெரியாத பாட்டிக்குக்கூடத் தெரிந்திருந்தது. அந்தரங்கம் இல்லாத காலம் அல்ல அது. அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது தெரிந்த காலம்.

அடுத்தது டெலிபோன். 1882 ஜனவரியிலேயே கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று நகரங்களிலும் எக்ஸ்சேஞ்ச் திறந்துவிட்டார்கள். நான் 1972ல் ஆபரேட்டராகச் சேர்ந்தது தஞ்சை ஜில்லாவில் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சில். வெளியூர் பேச டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை உண்டு. லைன் கிடைத்ததும் இரண்டு பக்கமும் இணைத்து, குரல் சரியாகப் போகிறதா என்று கேட்டுப் பார்த்து, மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து நீட்டிக்க வேண்டுமா என்று கேட்போம். அப்படியிருக்க, காதில் விழாமல் எப்படி இருக்கும்? எந்த வீட்டில் சம்பந்தம் பேசுகிறார்கள், எந்த மண்டிக்காரர் கடன் கேட்டு மன்றாடுகிறார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நடுராத்திரியில் பம்பாயிலிருந்து வரும் சாவுச் செய்தி, அந்த வீட்டாருக்கு முன் எங்கள் காதில் விழுந்துவிடும்.

காலையில் டீக்கடையில், "ராத்திரி மேலத்தெரு வீட்டுக்கு என்ன போன், சார்?" என்று யாராவது கேட்பார்கள். நாங்கள் வாய் திறக்க மாட்டோம். நல்லவர்கள் என்பது மட்டும் காரணம் இல்லை. 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டப்படி, செய்தியை வெளியே சொல்லும் ஊழியருக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். எங்கள் கையில் தங்கியது யார், எந்த நம்பருக்கு, எத்தனை நிமிடம் என்று குறித்த ஒரு சிறு காகித டிக்கெட் மட்டுமே. அது பில் போடுவதற்கு. பேசியது காற்றோடு போய்விடும்.

நடுவில் மனிதர் வேண்டாம் என்று நினைத்த ஒருவரும் உண்டு. அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர். இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்வது அவர் தொழில். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் தானியங்கி எக்ஸ்சேஞ்சை யோசித்தார் என்று கதை சொல்வார்கள். காப்புரிமை கிடைத்தது 1891ல். நம் நாட்டில் 1960ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதல் எஸ்.டி.டி. வந்தது. பிறகு ஊர் ஊராக ஆபரேட்டர் விலகினார். 1995 ஜூலையில் முதல் செல்போன் அழைப்பு. இனி நடுவில் யாரும் இல்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

நடந்தது வேறு. இன்று நடுவில் இருப்பது இயந்திரம். அது எங்களைப் போல மறப்பதில்லை. எங்கே போனீர்கள், எதைத் தேடினீர்கள், என்ன மருந்து வாங்கினீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டே இருக்கிறது. எங்களைத் தண்டிக்க அன்று ஒரு பிரிவு இருந்தது. ஊரில் எங்கள் முகமும் எல்லோருக்கும் தெரியும். இந்தப் புதிய ஆபரேட்டருக்கு முகம் இல்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1954லும் 1962லும் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. 1996ல் போன் ஒட்டுக்கேட்பு வழக்கில்தான், தொலைபேசிப் பேச்சும் ஒருவரின் அந்தரங்கத்தைச் சேர்ந்தது என்றும், அரசு கேட்பதானால் உள்துறைச் செயலாளர் நிலையில் உத்தரவு வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு அடுத்த பெரிய படியை எடுத்து வைத்தவர் நம்மைப் போல ஓய்வு பெற்றவர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012ல் ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018ல் வந்த ஆதார் தீர்ப்பில் அவர் கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை; திட்டம் செல்லும் என்றார்கள். ஆனால் வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரை இணைப்பது கட்டாயம் இல்லை என்றார்கள். 2024ல் தமது 98ஆம் வயதில் அவர் காலமானார். "இந்த வயதில் நமக்கு என்ன" என்று அவர் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு இன்னும் எத்தனை வருடம் தள்ளிப் போயிருக்குமோ!

2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. எதற்காக நம் விவரத்தைக் கேட்கிறார்கள் என்பதைத் தமிழிலேயே படிக்க நமக்கு வழி இருக்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் சம்மதம் கொடுத்ததைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

நமக்கு ரகசியம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். போனில் உள்ள நம்பர்களைப் பார்க்க ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்தால், நாம் கொடுப்பது மருமகள் நம்பரையும், டாக்டர் நம்பரையும், பழைய சிநேகிதரின் நம்பரையும்தான். அதைக் கொடுக்க நமக்கு என்ன உரிமை? டார்ச் அடிக்கிற செயலிக்கு நம் உறவினர் பட்டியல் எதற்கு? போன் செட்டிங்ஸில் போய், தேவையில்லாத அனுமதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும், பேங்க் மேனேஜர் என்று சொன்னாலும், சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். பிள்ளைகளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.