மழையில் தொங்கும் மூட்டு

நத்தாருக்கு அப்புத்தளையில் தொங்கும் சோடனை வயரின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. டொக்குஷிமாவில் உள்ள நிச்சியா நிறுவனத்தில் 1993-இல் சுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். நீலம் கிடைத்த பிறகுதான் வெள்ளை ஒளி கைகூடியது. அகசாகி, அமானோ இருவரோடும் சேர்த்து 2014-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குமிழ் சீனாவில் வயரோடு சேர்ந்து, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டை மொத்தக் கடைகளில் கைமாறி, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை என்று மலையேறி வருகிறது.

அதுவரை வயரில் ஈரம் படுவதில்லை. அப்புத்தளையோ 1400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவுக்கு மழை கொண்டுவரும் காலமும் நத்தாரும் ஒன்றாகவே வருகின்றன. மழை விட்டாலும் தெற்குச் சரிவிலிருந்து ஏறும் மூடுபனி விடாது.

லயத்து வாசலிலிருந்து கோயில் வரைக்கும் ஒரு செட் எட்டாது. இரண்டை வெட்டி, கம்பிகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவார்கள். பெட்டியில் ஐ.பி.44 என்று இருந்ததே என்பார்கள். தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்ற அந்த உறுதி, தொழிற்சாலையில் மூடி வந்த செட்டுக்கு மட்டுமே. நாம் வெட்டிய இடத்துக்கு அது பொருந்தாது.

பொங்கல் முடிந்து கழற்றும்போது அந்த டேப்பைப் பிரித்துப் பாருங்கள். பசை இளகி நழுவியிருக்கும். உள்ளே ஒரு கம்பி சற்றே கறுத்திருக்க, மற்றது பச்சை பூத்து இற்றுக் கிடக்கும். நேர்மின்னோட்டத்தில் எரியும் செட்டுகளில் ஈரம் புகுந்தால் முதலில் கரைவது நேர்முனைச் செம்புதான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மெல்லிய இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். மூட்டைவிட்டுத் தள்ளியும் வயருக்குள் பச்சை பிடித்திருக்கும்.

வெளிச்சம் போனால் போகட்டும். மலிவான செட்டுகள் பலவற்றில் 230 வோல்ட் நேரே ஓடுகிறது. நனைந்த மூட்டு தகரக் கூரையில் பட்டால் தகரத்திலேயே கரண்ட் ஏறலாம். பிள்ளைகள் கைக்கு எட்டும் தகரம் அது.

ஆகவே வெளியில் மூட்டே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால், உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாய்தான் என் தேர்வு. இரண்டு கம்பிகளின் மூட்டுகளும் அருகருகே வராதபடி முன்பின்னாக வெட்டி, ஈயம் பற்றவைத்து, குழாயை ஏற்றிச் சூடுகாட்டினால், இரு முனையிலும் பசை உருகி மெல்லிய வளையமாகப் பிதுங்கும். வளையம் முழுதாகத் தெரிந்தால்தான் தண்ணீருக்கு வழி அடைபட்டது. பசையில்லாத குழாயில் ஓரமாக நீர் நுழைந்துவிடும். ஈயம் வைக்கத் தெரியாதவர்கள் ஜெல் நிரப்பிய கனெக்டர் வாங்கலாம். பிளக் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வயர் உள்ளே நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் 230 வோல்ட் செட்டை வெளியில் கட்டவே வேண்டாம்.

அதே வயர்தான் பிறகு கோயில் திருவிழாவுக்கும் போகும், மே மாதம் வெசாக்குக்கும் போகும். ஏணி வைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பாருங்கள். வளையம் விட்டிருந்தால், செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.