குழந்தைக்கு டான்சில் ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு 14 நாள் என்ன நடக்கும், எதைக் கவனிக்க வேண்டும்?

"சின்ன ஆபரேஷன்தான், நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று டாக்டர் சொல்லியிருப்பார். அது உண்மைதான். டான்சிலையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் எடுப்பது குழந்தைகளுக்குப் பரவலாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை. ஆனால் தொண்டைக் காயம் ஆற சுமார் 2 வாரம் ஆகும். அதில் ஆஸ்பத்திரியில் கழிவது ஒன்றிரண்டு நாள். மீதி நாட்கள் முழுக்க உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில்.

பெங்களூரிலோ மும்பையிலோ தனிக்குடித்தனமாக இருக்கும் இளம் பெற்றோருக்கு இது இன்னும் கொஞ்சம் கடினம். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். "ஆபரேஷன் முடிஞ்சதும் குழந்தையைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று ஊரிலிருந்து அழைப்பு வரும். ஆசையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த 2 வாரத்தில் ராத்திரி ரயிலிலோ பஸ்ஸிலோ குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். தாத்தா பாட்டி உங்கள் வீட்டுக்கு வரட்டும். காரணம் கீழே வருகிறது.

ஆபரேஷன் தேவைதானா?

சளி பிடித்த ஒவ்வொரு குழந்தைக்கும் தேவையில்லை. அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருடம் ஆண்டுக்கு 5 முறை, அல்லது தொடர்ந்து 3 வருடம் ஆண்டுக்கு 3 முறை கடுமையான தொண்டைத் தொற்று வந்திருந்தால் யோசிக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் காத்திருந்து பார்க்கலாம். இன்னொரு முக்கியமான காரணம் தூக்கம். குறட்டையோடு நடுநடுவே மூச்சு நின்று, குழந்தை திணறி விழித்தால் அதைத் தள்ளிப் போடக் கூடாது. தூங்கும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது அவருக்குப் பயன்படும்.

பட்டினி விதி: பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்

மயக்க மருந்து கொடுத்ததும் இருமல், விழுங்கல் போன்ற தற்காப்புகள் வேலை செய்யாது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் போய்விடும். அதனால்தான் பட்டினி. பொதுவான கணக்கு இது: திட உணவுக்கும் மாட்டுப்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரம். பாலைப் பலர் 'தண்ணி மாதிரிதானே' என்று நினைத்துவிடுகிறார்கள். பால் வயிற்றில் திரிந்து கெட்டியாகும் என்பதால் திட உணவுக் கணக்கில்தான் சேரும். ராகிக் கஞ்சியும் அப்படித்தான்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். 'ராத்திரி 12 மணிக்கு மேல் எதுவும் கூடாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, மதியம் வரை குழந்தையைத் தண்ணீர்கூட இல்லாமல் வைப்பதும் சரியல்ல. ஐரோப்பிய மயக்கவியல் அமைப்பின் 2022 வழிகாட்டுதல், தெளிந்த பானத்தை 1 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்கிறது. உங்கள் மயக்க மருத்துவர் எதைப் பின்பற்றுகிறார் என்று முந்தின நாளே கேட்டு, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பிள்ளை பாவம், பசியோட இருக்கு' என்று யாராவது ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான். காய்ச்சல், நெஞ்சுச் சளி, ஆடும் பல் இருந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும்.

குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். "ஊசியே போட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அங்கே ஊசி போட்டால் அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அது நம்பாது. "கையில ஒரு குத்து இருக்கும், சுருக்குனு வலிக்கும், உடனே போயிடும். அப்புறம் தூங்கிடுவே. எந்திரிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்" என்பது போதும். 3, 4 வயதுக் குழந்தைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு சொன்னால் போதும். 7, 8 வயது என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிக் கேள்வி கேட்க விடுங்கள். தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீம் உண்டா, குழந்தை தூங்கும்வரை பெற்றோரில் ஒருவர் உள்ளே இருக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சில இடங்களில் அனுமதிக்கிறார்கள்.

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் கண்ணைத் திறந்தபடியே உங்களை அடையாளம் தெரியாமல் கத்தி, உதைத்து அழும். பார்க்கவே பயமாக இருக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். குழந்தைக்குப் பின்னால் அது நினைவிலும் இருக்காது.

வலி மருந்து: மில்லியைப் பார்க்காதீர்கள், மில்லிகிராமைப் பாருங்கள்

வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 3-ம் நாளிலிருந்து 5-ம் நாள் வரை கூடலாம். வலித்தால் குழந்தை விழுங்காது, விழுங்காவிட்டால் உடலில் நீர் வற்றும், நீர் வற்றினால் வலி இன்னும் கூடும். அதனால் அழுத பிறகு மருந்து என்றில்லாமல், முதல் சில நாட்கள் டாக்டர் சொன்ன இடைவெளியில் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது நல்லது. ராத்திரி எழுப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதை டிஸ்சார்ஜின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாராசிட்டமால் அளவு எடையை வைத்துத்தான்: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 16 கிலோ குழந்தைக்கு 240 மில்லிகிராம். இங்கேதான் சிக்கல். நம் மருந்துக்கடைகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் இந்தக் குழந்தைக்கு 10 மில்லி வேண்டும். இரண்டாவதில் 5 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். புது பாட்டில் வாங்கி, பழைய பழக்கத்தில் 10 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் படியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். சளி சிரப் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால், கேட்காமல் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

இபுப்ரோஃபென் கொடுக்கலாமா என்று சர்ஜனைக் கேளுங்கள், வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. ஆஸ்பிரின் கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழ் கொடுக்க இந்தியாவில் 2011-லேயே தடை வந்துவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் கிடந்தால் தூக்கிப் போடுங்கள். கோடீன் கலந்த மருந்தும் வேண்டாம். சில குழந்தைகளின் உடல் அதை அதிவேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சையே அடக்கிவிடுகிறது. இந்த ஆபரேஷனுக்குப் பின் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் எச்சரித்தது.

ஐஸ்கிரீம் மட்டும்தானா?

ஐஸ்கிரீம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி கவலைப்படுவார், டாக்டரோ தாராளமாகக் கொடுங்கள் என்பார். குளிர்ச்சி தொண்டைக்கு இதம், ஆனால் அது மருந்தல்ல. குழந்தை குடிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். தண்ணீர், மோர், இளநீர், ஆறின ரசம் எதுவானாலும் சரி, அரை மணிக்கு ஒருமுறை சில மடக்கு. தயிர் சாதம், பாலில் ஊறவைத்த இட்லி, குழைந்த பொங்கல் எல்லாம் கொடுக்கலாம். முறுக்கு, சிப்ஸ், மொறுமொறு தோசை ஓரம் வேண்டாம். ரோஸ்மில்க், மாதுளை, பீட்ரூட் போன்ற சிவப்பு நிறமும் இந்த 2 வாரம் வேண்டாம். வாந்தி எடுத்தால் ரத்தமா, ரோஸ்மில்க்கா என்று நடுராத்திரியில் தெரியாமல் தவிப்பீர்கள். 8 மணி நேரமாக சிறுநீரே போகவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு படலம் தெரியும். அது சீழ் அல்ல, காயத்தின் பொருக்கு. வாய் நாறும். காது வலிக்கும், தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் வரும் வலி அது. குரல் மாறும். முதல் சில நாட்கள் 101 டிகிரி வரை காய்ச்சல் வரலாம். 102-ஐத் தொட்டால் போன் செய்யுங்கள். சில குழந்தைகள் கொஞ்ச நாள் படுக்கையை நனைக்கும், ராத்திரி அலறி எழும், உங்களை விட்டு நகராது. திட்டாதீர்கள், சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது ரத்தத்துக்குத்தான்

5-ம் நாளுக்கும் 10-ம் நாளுக்கும் இடையில் அந்த வெள்ளைப் பொருக்கு உதிரும். அப்போது சில குழந்தைகளுக்கு ரத்தம் கசியும். குழந்தை தேறி ஓடியாட ஆரம்பித்திருக்கும், நீங்களும் 'அப்பாடா' என்றிருப்பீர்கள். ஊருக்குப் போக வேண்டாம் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். ரயில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போது இது நடந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தூக்கத்தில் ரத்தம் வெளியே தெரியாமலும் போகலாம். குழந்தை தூங்கிக்கொண்டே அடிக்கடி எதையோ விழுங்கினால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தால் அது விழுங்கிய ரத்தம். எச்சிலில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் உடனே சர்ஜனுக்குப் போன் செய்து கேளுங்கள். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் என்றால், தானாக நின்றுவிட்டாலும் கிளம்புங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, முன்னால் குனியவைத்து, ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள், மீண்டும் மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். தெருமுனை கிளினிக் வேண்டாம். இரவிலும் இ.என்.டி. சர்ஜனும் மயக்க மருத்துவரும் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று முன்பே விசாரித்து, அந்த எண்ணை இருவர் போனிலும் பதிந்துவையுங்கள். ஆம்புலன்ஸுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 108; நாடு முழுவதும் 112.

இன்ஷூரன்ஸ், லீவு

தனியாக எடுத்த பாலிசிகள் பலவற்றில் டான்சில் ஆபரேஷனுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2024-ல் வந்த விதி. ஆபீஸ் குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தத் தடை இருக்காது, எச்.ஆரிடம் கேளுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு 3 மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் உத்தரவிட்டிருக்கிறது.

பள்ளிக்கு அனுப்ப 10 நாளிலிருந்து 2 வாரம் ஆகும். விளையாட்டு பீரியடும் நீச்சலும் 2 வாரத்துக்குப் பிறகுதான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், ஆபரேஷன் அன்றும் மறுநாளும் இருவரும் லீவு போட்டுவிட்டு அதோடு ஆபீஸ் போய்விடாதீர்கள். முதல் 4 நாள் ஒருவர், 5-லிருந்து 10 வரை இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். லீவு அவ்வளவு இல்லையென்றால் அந்த இரண்டாவது வாரத்துக்காவது வீட்டிலிருந்து வேலை கேட்டுப் பாருங்கள்.