துறைமுகத்துக்கு முந்திய ஒளி: சென்னைக் கலங்கரை விளக்கங்கள்

கலங்கரை விளக்கத்தைத் துறைமுகத்தின் துணையுறுப்பாகக் கருதுவது பொதுவழக்கு. சென்னையின் வரலாறு இதற்கு மாறானது. இங்கு முதல் விளக்கு 1796இல் ஏற்றப்பட்டது; துறைமுக அலைதடுப்புச் சுவர்களின் பணியோ 1875இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ 80 ஆண்டுகள் இவ்விளக்கு எப்பயன் கருதி எரிந்தது என்பது ஆராயத்தக்கது.

அக்காலச் சென்னை ஒரு திறந்த கடற்கரை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்தன. கரையோ தாழ்ந்து சமமானது. வடக்கே பழவேற்காட்டுக் கடலடி மணல்திட்டுகள் கலங்களுக்கு ஆபத்தானவை. எனவே இரவில் ஊரின் இருப்பிடத்தை உணர்த்துவதே விளக்கின் முதற்பணியாயிற்று.

இவ்விளக்கு நான்கு இடங்களில் அமைந்தது. முதலாவது, புனித ஜார்ஜ் கோட்டையின் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்து உச்சியில் எரிந்த எண்ணெய் விளக்கு. அக்கட்டடமே இன்றைய கோட்டை அருங்காட்சியகம். இரண்டாவது, 1844இல் ஒளியேற்றப்பட்ட டோரிக் பாணித் தூண். இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்தின் கோபுரம் அதனினும் உயர்ந்தது. 1894இல் விளக்கு அங்கு மாற்றப்பட்டது. 1977இல் மெரினாவின் முக்கோணக் கோபுரம் அப்பணியை ஏற்றது.

இவ்விடமாற்றங்களில் உயரத்தின் பங்கு கணக்கால் விளங்கும். ஒளி தொடுவானத்தை எட்டும் தொலைவு, கிலோமீட்டரில், விளக்கின் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை ஏறத்தாழ 3.57ஆல் பெருக்கக் கிடைப்பதாகும். 25 மீட்டர் உயர விளக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டரையும், 49 மீட்டர் உயர விளக்கு 25 கிலோமீட்டரையும் எட்டும். தொலைவை இரட்டிக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அதனால், வேறு பயனுக்காக எழுந்த உயர்ந்த கட்டடம் விளக்குக்கு உகந்த தாங்கியாயிற்று. படைத்தலமும் நீதிமன்றமும் விளக்கைச் சுமந்தமைக்கு இதுவே பொருத்தமான விளக்கம்.

1881 நவம்பர்ப் புயல் புதிய துறைமுகச் சுவர்களைச் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. துறைமுகம் நிலைபெற்ற பின்னரும் விளக்கு அதனுள் செல்லவில்லை. மெரினாக் கோபுரமும் துறைமுகத்துக்குத் தெற்கே விலகியே நிற்கிறது. துறைமுக வாயிலைக் காட்டும் பணி வேறு, கரையை அறிவிக்கும் பணி வேறு என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

சிலப்பதிகாரத்தில் இடம்பெறும் ‘கலங்கரை விளக்கம்’ என்னும் தொடரில் ‘கரைதல்’ என்பதற்கு அழைத்தல் எனப் பொருள் கொள்வர். கலத்தை அழைக்கும் விளக்கு என்னும் அப்பொருள், துறைமுகமே இல்லாத கரையில் எரிந்த சென்னை விளக்குக்கு முற்றும் பொருந்துகிறது. எனவே சென்னையின் கடல்வணிக வரலாற்றைத் துறைமுகத்திலிருந்து தொடங்காமல், அதற்கு முந்திய இவ்வொளியிலிருந்து தொடங்குவதே பொருத்தமுடையது எனலாம்.