வெடித்த சுவரும் வெடிக்காத சுவரும்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓரிடம் பலவீனப்பட்டுப் புடைத்துக்கொள்வதை அனியூரிசம் என்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கலாம். பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் முழு ஆயுளையும் வாழ்ந்து முடிக்கிறார்கள். வெடித்துவிட்டால் நிலைமை கொடியது. மூளையைச் சுற்றி ரத்தம் பரவி, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார்.

ஒன்று ஏன் வெடிக்கிறது, இன்னொன்று ஏன் வெடிப்பதில்லை? நீண்ட காலம் புடைப்பின் அளவுதான் பதிலாக இருந்தது. 2003-இல் வெளிவந்த பெரிய பன்னாட்டு ஆய்வில், முன்பு ரத்தக்கசிவு இல்லாதவர்களின் முன்பக்கக் குழாய்களில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவான புடைப்புகள் ஐந்தாண்டில் வெடித்ததாகப் பதிவாகவில்லை. ஆனால் வெடித்தபின் மருத்துவமனைக்கு வருபவர்களிடம் சின்னப் புடைப்புகளும் நிறையவே காணப்படுகின்றன. அளவுக்கு அப்பால் வேறொன்று நடக்கிறது.

அதைத் தேடி, 2004-இல் ஹெல்சின்கியில் யுஹானா ஃப்ரோசெனின் குழு 66 புடைப்புகளின் சுவர்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டபின் வெட்டியெடுத்த திசு அது. 24 வெடிக்காதவை, 42 வெடித்தவை.

நல்ல நிலையில் இருந்த சுவரில் உட்பக்கச் செல்படலம் கலையாமல் இருந்தது. தசைச் செல்கள் வரிசை குலையாமல் நின்றன. கொலாஜனை உற்பத்தி செய்து சுவரைப் பழுதுபார்ப்பவை அந்தச் செல்கள்தான். வெடித்த சுவர்களிலோ உட்படலம் அழிந்து, ரத்தக்கட்டி ஒட்டி, தசைச் செல்கள் மடிந்துபோயிருப்பது அதிகம். நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்களும் டி செல்களும் உள்ளே புகுந்திருப்பதும் அப்படியே.

நம்மைக் காக்க வேண்டிய இந்தச் செல்கள் அங்கே எப்படி வருகின்றன? ரத்த ஓட்டம் மோதிச் சுழலும் இடத்தில் உட்படலச் செல்கள் அழற்சி நிலைக்கு மாறி, எம்சிபி-1 என்ற அழைப்புப் புரதத்தை வெளியிடுகின்றன. அந்த அழைப்புக்கு வரும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் மேக்ரோபேஜ்களாக மாறி, கொலாஜனையும் எலாஸ்டினையும் அறுக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மூளைத் தமனிகளுக்கு வெளிப்புற எலாஸ்டிக் அடுக்கு இயல்பாகவே கிடையாது. அதனால் இந்த அறுப்பு மேலும் ஆபத்தானது.

மேக்ரோபேஜ் இருப்பதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. அவற்றில் அழற்சியை மூட்டுபவை உண்டு, பழுதுபார்ப்பவையும் உண்டு. 2012-இல் அயோவாவில் டேவிட் ஹசனின் குழு கண்டபடி, வெடிக்காத சுவரில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. வெடித்த சுவரில் மூட்டுபவை மேலோங்கியிருந்தன, மாஸ்ட் செல்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்களும் கூடியிருந்தன. இரண்டு சுவர்களுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு இந்தச் சமநிலை குலைவதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. வெடித்த சுவர் கைக்குக் கிடைப்பது வெடித்த பிறகுதான். கசிந்த ரத்தமே அழற்சியைத் தூண்டவல்லது. ஹெல்சின்கி ஆய்வில் செல்கள் குறைந்து மெலிந்து ரத்தக்கட்டி படிந்த சுவர்கள் அத்தனையும் வெடித்தவையே. ஆனால் ஒழுங்கான சுவர்களிலும் 42 சதவீதம் வெடித்திருந்தன. ஆக, அழற்சி ஒன்றே காரணம் என்று முடிவுகட்டுவது அவசரம்.

இருந்தும், வெடிக்கும் அபாயத்தைக் கணிக்க 2014-இல் உருவான ஃபேசஸ் மதிப்பீட்டில் உள்ள ஆறு அம்சங்களில் சுவரின் அழற்சி இல்லை. சுவரில் சாயம் ஏறுகிறதா என்று எம்ஆர்ஐயில் பார்க்கும் முறை வளர்ந்துவருகிறது. மில்லிமீட்டரோடு சுவரின் நிலையையும் எடைபோடும் காலம் சீக்கிரம் வர வேண்டும்.

ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் வெடிப்பு குறைவாக இருந்ததை ஹசன் குழு 2011-இல் காட்டியது. அது அவதானிப்பு ஆய்வு மட்டுமே. அதை நம்பி யாரும் தாமாக மாத்திரை போட வேண்டாம். புகைப்பழக்கமும் உயர் ரத்த அழுத்தமும் இந்தச் சுவர்களைக் கெடுப்பவை. இரண்டையும் இன்றே கட்டுப்படுத்துங்கள். வாழ்நாளில் கண்டிராத தலைவலி திடீரென்று வெடித்தால், ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.