வாசலைத் திறப்பவர் யார்? – ஆங்கிலச் சொலிசிட்டர் பயிற்சியின் வரலாறு

இங்கிலாந்தில் வாழும் நம்மவர் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளை சட்டப் பட்டம் பெற்றுவிட்டது. பெறுபேறும் நல்லது. இன்னும் ஏன் சொலிசிட்டராகவில்லை?" என்பதே அது. நாற்பது, ஐம்பது வர்த்தகச் சட்ட நிறுவனங்களுக்குப் பயிலுநர் பதவி கோரி விண்ணப்பித்து, அத்தனையிலும் மறுப்புக் கடிதம் பெற்ற பிள்ளைகளை நான் அறிவேன். எழுத்துத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால், தமது விண்ணப்பங்களை எனக்கு அனுப்பிப் பார்த்துத் தரும்படி கேட்போரும் உளர். அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தப் பிள்ளைகள் தம் திறமையில் குறை காண்கின்றனர், தாம் நிற்கும் வாசலின் வரலாற்றை அறியார். அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்புக்காத்தும் பிறக்கிராசியும்

யாழ்ப்பாணத்து முதியோர் வழக்கறிஞரை இரு வகையாகப் பிரித்துப் பேசுவர். உயர் நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரரைச் சந்தித்து, பத்திரங்களை ஆயத்தம் செய்து, வழக்கை நடத்திச் செல்பவர் பிறக்கிராசி. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையில் நிலவிய இப்பிரிவினை, 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. 1974 ஜனவரி முதல் இரு சாராரும் சட்டத்தரணிகள் என்ற ஒரே பெயருக்குள் வந்தனர்.

இங்கிலாந்தில் அப்பிரிவினை இன்றும் உண்டு. பாரிஸ்டர் ஒரு கிளை, சொலிசிட்டர் மறு கிளை. அக்காலத்தில் நம் நாட்டிலிருந்து லண்டன் சென்று சட்டம் பயின்ற பெரியோர் பெரும்பாலும் பாரிஸ்டர்களாகவே திரும்பினர். 1863இல் லிங்கன்ஸ் இன் மன்றத்தில் பாரிஸ்டரான சேர் முத்துக்குமாரசுவாமி இவ்வரிசையில் முன்னோடியாவார். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பாரிஸ்டராவதற்கு ஒரு மன்றத்தில் சேர்ந்து, குறித்த தவணைகளில் விருந்துண்டு, விதிக்கப்பட்டவற்றைப் பூர்த்தி செய்தால் போதுமானதாக இருந்தது. சொலிசிட்டராவதற்கோ ஏற்கெனவே தொழில் புரியும் ஒருவர் நம்மைத் தம் பயிலுநராக ஏற்க வேண்டும். படிப்பை ஒருவர் தனியே முடித்துவிடலாம். பயிற்சியை அவ்வாறு முடிக்க இயலாது. அதற்கு இன்னொருவரின் சம்மதம் தேவை. இந்த வரலாறு முழுவதும் அந்தச் சம்மதத்தின் விலையைப் பற்றியதே.

பணம் என்னும் பூட்டு

1729ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அற்றோர்னிகளையும் சொலிசிட்டர்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. தொழிலில் நுழைய விரும்புபவர் தகுதி பெற்ற ஒருவரிடம் எழுத்து மூல உடன்படிக்கை செய்து, ஐந்தாண்டுகள் குமாஸ்தாவாகப் பணியாற்ற வேண்டும் என்று அது விதித்தது. ஒருவர் ஒரே வேளையில் இரண்டு பயிலுநர்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது என்றும் அது கூறியது. தகுதியற்றோர் தொழிலில் புகுவதைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் வாசலின் திறப்பு தனி மனிதரின் கைக்குப் போனதும் அதற்கு விலையும் வந்து சேர்ந்தது.

பயிலுநராக ஏற்பதற்குக் குருவானவர் 'பிரீமியம்' என்ற பெயரில் ஒரு தொகையை வாங்கினார். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1794இல் இவ்வுடன்படிக்கைகளின் மீது 100 பவுண் முத்திரைத் தீர்வை விதிக்கப்பட்டது. ஒரு தொழிலாளியின் பல ஆண்டு வருமானம் அது. ஆக, ஐந்தாண்டுகள் சம்பளமின்றி வேலை செய்வதற்கு மாணவனின் தகப்பனார் முற்பணம் கட்ட வேண்டியிருந்தது. 1821இல் வந்த சட்டமொன்று ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டப்ளின் பட்டதாரிகளுக்கு ஐந்தாண்டை மூன்றாகக் குறைத்தது. வசதி படைத்தவனுக்கே மேலும் ஒரு குறுக்கு வழி கிடைத்தது.

சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' நாவலைப் படித்தவர்கள் இதனை நினைவில் வைத்திருப்பர். டேவிட்டைப் புறொக்டர் அலுவலகம் ஒன்றில் பயிலுநராக்குவதற்கு அவன் பெரிய அத்தை செலுத்தும் பிரீமியம் 1,000 பவுண். பின்னர் அவள் செல்வம் அழிந்தபோது, உடன்படிக்கையை நீக்கிப் பணத்தில் ஒரு பகுதியையேனும் திரும்பப் பெற அவன் முயல்கிறான். கூட்டாளி சம்மதியார் என்று கூறி மறுத்துவிடுகின்றனர். டிக்கன்ஸ் இதனை வெறுங் கற்பனையாக எழுதவில்லை. அவரே 1827இல், பதினைந்தாவது வயதில், ஓர் அற்றோர்னி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். உடன்படிக்கை செய்து கொண்ட பயிலுநர் அல்லர். சாதாரண கூலி எழுத்தர்.

கூலி எழுத்தருக்கும் ஒரு சிறு கதவு 1860இல் திறந்தது. பத்தாண்டுகள் சட்ட அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணி புரிந்தவர் மூன்றாண்டு உடன்படிக்கையுடன் சொலிசிட்டராகலாம் என்று அவ்வாண்டுச் சட்டம் அனுமதித்தது. பத்தும் மூன்றும் பதின்மூன்று. பணக்கார வீட்டுப் பட்டதாரி மூன்றாண்டில் கடந்த தூரத்தை ஏழை எழுத்தர் பதின்மூன்று ஆண்டுகளில் கடக்க வேண்டியிருந்தது. ஆயினும் வழி என்று ஒன்று இருந்தது என்பதைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

"பெண் ஓர் ஆளல்ல"

பெண்களுக்கோ எந்த வழியும் இருக்கவில்லை. 1913இல் க்வினெத் பெப் என்ற இளம்பெண் லோ சொசைட்டி எனப்படும் சொலிசிட்டர் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவர் ஒக்ஸ்போர்டில் சட்டத்தில் முதல் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர். எனினும் ஒக்ஸ்போர்ட் அக்காலத்தில் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1843ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டத்தில் தகுதியுடைய 'ஆள்' என்று கூறப்பட்டிருப்பதில் பெண்ணும் அடங்குவாள் என்பது அவர் தரப்பு வாதம். அச்சட்டத்திலேயே ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் குறிக்கும் என்று ஒரு பிரிவு இருந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. இதுவரை எந்தப் பெண்ணும் அற்றோர்னியாக இருந்ததில்லை. ஆகவே இனியும் இருக்க முடியாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றினாலன்றி, என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1919 டிசம்பரில், பால் காரணமான தகுதியின்மையை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1922 டிசம்பரில் கெரி மொரிசன் இங்கிலாந்தின் முதலாவது பெண் சொலிசிட்டரானார். க்வினெத் பெப் அதனைக் காண உயிருடன் இருக்கவில்லை. 1921இலேயே காலமாகிவிட்டார்.

இருபது பேரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வரை

இன்று நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் பிரமாண்டமான வர்த்தகச் சட்ட நிறுவனங்கள் எவ்வாறு தோன்றின என்பதையும் அறிதல் வேண்டும். அவற்றின் பெயர்கள் பழையவை. ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் 1743 முதல் இங்கிலாந்து வங்கியின் சட்ட ஆலோசகர். ஸ்லோட்டர் அண்ட் மே 1889இல் தொடங்கப்பட்டது. ஆனால் அவற்றின் பருமன் புதியது. கூட்டு வணிகமொன்றில் இருபது பங்காளிகளுக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி சொலிசிட்டர்களையும் கட்டுப்படுத்தியிருந்தது. 1967ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம் இவ்விதியிலிருந்து அவர்களுக்கு விலக்களித்தது. 1986 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும் வெளிநாட்டு வங்கிகள் அங்கு குவிந்தன. மறு ஆண்டே இரு பெரும் நிறுவனங்கள் இணைந்து கிளிஃபர்ட் சான்ஸ் உருவானது. 2024 மே மாதத்தில் அலன் அண்ட் ஓவரி, அமெரிக்காவின் ஷேர்மன் அண்ட் ஸ்ரேர்லிங்குடன் இணைந்தது வரை இப்போக்குத் தொடர்கின்றது.

நிறுவனம் பெருத்ததும் பயிலுநரைத் தெரிவு செய்யும் முறையும் மாறியது. குடும்ப நண்பரின் மகன், கல்லூரித் தோழரின் மருமகன் என்று ஓரிருவரை எடுத்த காலம் போய், ஆண்டுக்குப் பல பத்துப் பேரை எடுக்கும் காலம் வந்தது. பிரீமியம் மறைந்தது. 'ஆர்ட்டிக்கிள்ஸ்' என்ற பழைய பெயரும் 1990களில் மறைந்து 'பயிற்சி ஒப்பந்தம்' என்றாயிற்று. இரண்டாண்டுகள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கொரு பிரிவாக நான்கு பிரிவுகளில் பயிற்சி. இன்று பெரிய நிறுவனங்கள் முதலாண்டுப் பயிலுநருக்கே 50,000 பவுணுக்கு மேல் சம்பளம் தருகின்றன. பரீட்சைக் கட்டணத்தையும் செலுத்துகின்றன. தகப்பன் பணம் கட்டிய இடத்தில் இன்று நிறுவனம் பணம் கட்டுகின்றது. ஆகவே பூட்டு நீங்கிவிட்டது என்று எண்ணத் தோன்றும்.

இன்றைய பூட்டு

நீங்கவில்லை, உருமாறியிருக்கிறது. பெரிய வர்த்தக நிறுவனங்கள் பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஆட்களைத் தெரிவு செய்துவிடுகின்றன. மூன்றாண்டுச் சட்ட மாணவர் ஒருவர் தமது இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் சில வாரப் பயிற்சிக்கு அழைத்து, அங்கு வருபவர்களிலிருந்தே பலரைத் தெரிவு செய்வது வழக்கமாகிவிட்டது. அதற்கும் முன்னர், முதலாம் ஆண்டு மாணவருக்கான அறிமுக நாட்கள் உண்டு. சிந்தனைத் திறனை அளக்கும் வொட்சன்–கிளேசர் போன்ற இணையவழித் தேர்வுகளும் உண்டு. வீட்டில் ஒரு சட்டத்தரணி இருக்கும் பிள்ளை இவற்றையெல்லாம் பதினெட்டு வயதில் அறிந்திருக்கும். தாயும் தகப்பனும் 1983க்குப் பின்னர் அகதிகளாக வந்து கடையிலும் எரிபொருள் நிலையத்திலும் உழைத்து வளர்த்த பிள்ளை, பட்டம் பெற்ற பின்னரே விண்ணப்பம் என்று எண்ணியிருக்கும். அதற்குள் அவ்வாண்டுக்குரிய இடங்கள் நிரம்பிவிடும். அன்று விலை பணமாக இருந்தது. இன்று தகவலாக இருக்கின்றது. இரண்டும் தகப்பன் வீட்டிலிருந்தே வருகின்றன.

நிறுவனங்களும் இதனை அறியாதவை அல்ல. விண்ணப்பதாரியின் பாடசாலையையும் குடும்பப் பின்னணியையும் கருத்திற் கொண்டு பெறுபேற்றை எடைபோடும் முறை கடந்த பத்தாண்டுகளில் பல நிறுவனங்களில் வந்துள்ளது. 2016 முதல் உயர்தரப் பரீட்சை முடித்தவர் நேரடியாக ஆறாண்டுத் தொழிற் பயிலுநராகச் சேர்ந்து, சம்பளத்துடன் பட்டமும் சொலிசிட்டர் தகுதியும் பெறும் வழியும் உண்டு. 1729இன் ஐந்தாண்டுக் குமாஸ்தா, பிரீமியம் இன்றித் திரும்பி வந்திருக்கிறார் எனலாம்.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் 2021 செப்டம்பரில் வந்தது. அன்று அறிமுகமான சொலிசிட்டர் தகைமைப் பரீட்சை முறையின் கீழ், பயிற்சி ஒப்பந்தம் கட்டாயமன்று. இரண்டாண்டுத் தகுதியான வேலை அனுபவம் போதும். அதனை நான்கு இடங்கள் வரை பிரித்துப் பெறலாம். சட்ட உதவி நிலையத்திலோ, சிறு அலுவலகத்தில் சட்ட உதவியாளராகவோ செய்த வேலையும் கணக்கில் சேரும். பரீட்சைக் கட்டணம் மட்டும் 5,000 பவுணை நெருங்குவதால் பணம் என்னும் பழைய பூட்டு முற்றாக விலகவில்லை. வர்த்தக நிறுவனங்களும் தமது பழைய இரண்டாண்டுத் தெரிவு முறையைக் கைவிடவில்லை. எனினும், ஒரே ஒரு வாசலில் மட்டும் காத்திருக்க வேண்டிய சட்டக் கட்டாயம் இப்போது இல்லை.

சில சொற்கள்

விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பத்திரிகையாளனாக நான் சொல்லக்கூடியது சிறிதளவே. ஐம்பது நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். பெயரை மாற்றி அனுப்பிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எட்டோ பத்தோ நிறுவனங்களைத் தெரிவு செய்து, அவை அண்மையில் நடத்திய அலுவல்களைப் படித்து, அவற்றுள் ஒன்றேனும் உங்களுக்கு ஏன் முக்கியமாகப்படுகிறது என்று எழுதுங்கள். அப்பாவின் கடையில் கணக்குப் பார்த்ததையும், வாடகை உடன்படிக்கையை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதையும் மறைக்காதீர்கள். அவர்கள் தேடும் வர்த்தக அறிவு என்பது அங்கேயும் இருக்கிறது. செய்த வேலைகளைத் திகதியுடன் குறித்து வையுங்கள். அனுபவத்தை உறுதிப்படுத்தக் கோரும் நாளில் அது உதவும்.

இன்னொரு சாராருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இன்று தமிழ்ச் சொலிசிட்டர்களின் அலுவலகங்கள் பல உள்ளன. குடிவரவு, வீட்டு விற்பனை, குடும்ப வழக்கு என்று நடைபெறும் அந்த அலுவலகங்களில் ஒரு பிள்ளை பெறும் அனுபவத்தை உறுதிப்படுத்திக் கையொப்பமிடும் அதிகாரம் அவற்றிலுள்ள சொலிசிட்டர்களுக்குண்டு. அந்தக் கையொப்பத்திற்குப் பிரீமியம் கேட்காதிருங்கள். சம்பளமின்றி இரண்டாண்டுகள் வேலை வாங்குவதும் பிரீமியமே. உங்களையும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் உள்ளே வரவிட்டார். இப்போது திறப்பு உங்கள் கையில் இருக்கிறது.