சந்திர மண்ணின் ஹீலியம்-3

ஹீலியம்-3 என்பது இரண்டு புரோட்டான்களும் ஒரு நியூட்ரானும் கொண்ட, ஹீலியத்தின் இலேசான ஐசோடோப்பு. பூமியின் வாயுமண்டல ஹீலியத்தில் பத்து லட்சத்துக்கு ஒன்றரைப் பங்கும் தேறாத இது, சந்திரனின் மேல்மண்ணில் பன்னெடுங்காலமாகச் சேர்ந்து கிடப்பதால், வருங்கால அணுக்கருப் பிணைவு உலைகளுக்கென விண்வெளியில் அகழ்ந்தெடுக்கத்தக்க எரிபொருள்களுள் முதன்மையாகப் பேசப்படுகிறது.

ஹீலியத்தின் சரித்திரத்தில் தென்னிந்தியாவுக்குத் தனி இடமுண்டு. 1868 ஆகஸ்ட் 18-ல் நிகழ்ந்த பூரண சூரிய கிரகணத்தைக் குண்டூரில் வானியலறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத்துப் போக்சனும் நிறமாலைமானி கொண்டு நோக்கினர். சூரிய ஒளியில் தோன்றிய மஞ்சள் வரை புதியதொரு மூலகத்துக்குரியது என்ற முடிவு பின்னர் வானியலறிஞர் லாக்கியரால் உருப்பெற்றது. தாது வருஷப் பஞ்சத்துக்குப்பின், மழையின் ஏற்றத்தாழ்வுக்குச் சூரியனில் காரணம் தேடும் நோக்கம் வலுப்பெற்றதன் பயனாக, பழனி மலைத்தொடரில் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், மிக்கி ஸ்மித்தின் தலைமையில் கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-ல் ஏற்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் புறநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-ல் கண்டது இங்கேதான். 1923 முதல் 1937 வரை இங்கு இயக்குநராயிருந்த தாமஸ் ராய்ட்ஸ், இளமையில் ரதர்போர்டுடன் சேர்ந்து, மிக மெல்லிய கண்ணாடிக் குழாயின் சுவரை ஊடுருவி வந்த ஆல்பா துகள்களை வெளிக்குழாயில் திரட்டி, அதில் மின்சாரம் பாய்ச்சி, ஹீலியத்தின் நிறமாலை ஒளிரக் கண்டு, அத்துகள்கள் ஹீலியமே என்று நிரூபித்தவர்.

சூரியனிலிருந்து வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஹீலியம்-3-ஐயும் சுமந்து வீசும் துகள்காற்று, காற்றுமண்டலமோ பரந்த காந்தக் கவசமோ இல்லாத சந்திரனை நேரே தாக்கி, மண்துகள்களுள் புதைகிறது. டைட்டானியம் மிகுந்த இல்மனைட் கனிமம் ஹீலியத்தை நன்கு பற்றிவைப்பதால், கருநிறச் சமவெளிகளே வளமான பிரதேசங்கள். 2008-ல் சென்ற சந்திரயான்-1, அக்காற்றின் புரோட்டான்களில் ஐந்திலொரு பங்கு வரை நடுநிலை ஹைட்ரஜனாகத் திரும்பிவிடுவதைக் காட்டி, அனைத்தும் மண்ணில் உறிஞ்சப்படும் என்ற பழைய கருத்தைத் திருத்தியது.

ஹீலியம்-3-ஐ எரிபொருளாக்கலாம் என்று 1986-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் எடுத்துரைத்தனர். டியூட்டீரியத்துடன் இணையும்போது ஒரு கிராம் ஹீலியம்-3 சுமார் 1,60,000 யூனிட் வெப்பசக்தி தரும். நேர்வினையில் நியூட்ரான் பிறவாமையால் கதிரியக்கக் கழிவும் குறையும். ஆயினும் மண்ணில் அது நூறு கோடிக்குப் பத்துப் பங்கு என்ற அளவிலேயே இருப்பதாகக் கொண்டால், ஒரு கிராமுக்கு 100 டன் மண்ணை வாரி, சுமார் 700 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, வெளிவரும் வாயுக்களிலிருந்து பிரித்தாக வேண்டும்.

இவ்வேலைக்கு முன்னோட்டம் போன்றதொரு முயற்சி தமிழ்நாட்டில் நிகழ்ந்துள்ளது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தசைட் பாறையைப் பொடித்து, இஸ்ரோ செயற்கைச் சந்திர மண் தயாரித்து, இறங்குகலத்தையும் ஊர்தியையும் அதன்மேல் பரிசோதித்தது. எனினும் அது ஹீலியம் குறைந்த மேட்டுநிலத்து மண்ணையே ஒத்தது.

1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, எந்த நாடும் சந்திரனைச் சொந்தமென உரிமை கொண்டாடுவதைத் தடுக்கிறது. எடுத்த பொருள் யாருக்குரியது என்பதிலோ கருத்துவேறுபாடு நீங்கவில்லை. அதனினும் பெரிய தடை உலையே: இந்தியாவும் பங்குபெறும், பிரான்ஸில் எழும்பிவரும் ஐட்டர் உலைகூட, குறைந்த உஷ்ணத்தில் இயலும் டியூட்டீரியம்–டிரிட்டியம் பிணைவையே நாடுகிறது. ஆகவே, ஹீலியம்-3-ஐ ஏற்கும் உலை கைகூடும்வரை சந்திரச் சுரங்கத்தை மின்சக்திக்கெனத் தொடங்குவதில் பொருளில்லை.